எவர் வழி வந்தோம் நாம்?

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ, ஒரு தேநீர்க் கடையோரம் அரைமணி நேரம் நின்று பாருங்கள். இருவகைப் பாட்டு உங்கள் செவியில் விழும். ஒன்று, ஒலிபெருக்கி கட்டிய ஊர்தியிலிருந்து கிளம்பும். எங்கள் குலம் ஆண்ட குலம், எங்கள் கரம் வாளேந்திய கரம், எதிரே நில்லாதே என்று மார்தட்டும். மற்றொன்று, கல்லூரிக்குச் செல்லும் இளைஞனின் கைபேசியிலிருந்து மெல்ல எழும். அதிலே மன்னன் இல்லை, வாள் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்த ஒரு பாட்டி இருக்கிறாள். அவளைப் பாடுபவன் அவளுடைய பேரன்.

முன்னது சாதிப் பெருமை பேசுகிறது. பின்னது ஒரு குடும்பத்தின் கதை பேசுகிறது. நாம் எவர் வழி வந்தோம் என்ற கேள்விக்கு விடை கூற வந்தவைதாம் இரண்டும். இவ்விரு விடைகளில் எதனை நம் பிள்ளைகள் தமதென்று தழுவப் போகிறார்கள்? இசை அறிந்தோர் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடிய கேள்வியா இது? இல்லை, தோழர்களே! கிளைக் கழகம் ஒவ்வொன்றும் கூடியமர்ந்து பேச வேண்டிய அரசியல் கேள்வி.

அந்தப் பேரனின் பெயர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். ஊர் அரக்கோணம். ராப் எனப்படும் சொல்லிசையில் வல்லவர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். சாதியற்றோர் கூட்டு என்று பொருள்படும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 'சாதிபேதமற்ற' என்று நூறாண்டுகளுக்கு முன்பே எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து வந்தது. 2019-இல் 'தெருக்குறள்' என்ற தொகுப்பைத் தந்தார் அறிவு. 2021 மார்ச்சு மாதம் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்தது. பாட்டை எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். கோடிக்கணக்கான மக்கள் அதனைக் கேட்டனர்; கடல் கடந்த நாடுகளிலும் கேட்டனர். அதன்பின் 2024-இல் தமது தனித் தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர், 'வள்ளியம்மா பேராண்டி'.

பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! புகழ் வந்த பிறகு மனிதர்கள் தமக்குத் தாமே பட்டங்கள் சூட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். இளவரசன் என்பார்கள், தளபதி என்பார்கள், சிங்கம் என்பார்கள். இந்த இளைஞரோ, 'நான் வள்ளியம்மாளின் பேரன்' என்று அறிவித்துக்கொண்டார். அதுவே அவர் சூடிய பட்டம். எந்த அரியணைக்கும் உரியவர் அல்லர் அந்த வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, வெறுங்கையோடு தாயகம் திரும்பிய கூலித் தொழிலாளி.

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பழைய அரசர் நாடகங்களின் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். மன்னருக்குப் பெயர் உண்டு. அமைச்சருக்குப் பெயர் உண்டு. மன்னர் ஏறும் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கும். அதன் கீழே என்ன அச்சாகியிருக்கும்? காவலன் ஒன்று, காவலன் இரண்டு, தோழி ஒன்று, தோழி இரண்டு! ஈட்டி பிடித்து இரவெல்லாம் நிற்பவனுக்குப் பெயர் கிடையாது. அந்த வழக்கத்தை உடைத்தவர் அண்ணா. 'வேலைக்காரி' என்று நாடகத்துக்கே பெயர் சூட்டினார். பணிப்பெண்ணைத் தலைப்புக்குக் கொண்டுவந்தார். 1949-இல் அது திரைப்படமாகி ஊர் ஊராய் ஓடியது. வள்ளியம்மாளைத் தலைப்பில் ஏற்றிய இந்தப் பேரன் அவ்வழியே நடக்கிறார். அவர் நம் கழகத்து உறுப்பினர் அல்லர், அதனால் என்ன? வழி நம் வழியன்றோ!

வள்ளியம்மாளின் கதை ஒருத்தியின் கதை மட்டுமன்று. ஓர் இனமே சுமந்த கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நிலமற்ற மக்கள் இலங்கையின் மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதலில் காப்பித் தோட்டம். 1869-இல் தொடங்கிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் தின்றவை போக மிஞ்சிய உயிர்கள்தாம் மலையேறின. 2023-இல் அந்த வரலாற்றின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்த மலையகத் தமிழர், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்து காட்டினர்.

மலையேறியவர்கள் என்ன ஆனார்கள்? கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்டனர். 'துண்டு' என்றொரு சீட்டு. அதில் எழுதிய கடன் தீராமல் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. இருப்பிடமோ வரிசையாய்க் கட்டிய லயத்தில் ஒற்றை அறை. அந்த ஒற்றை அறையில் பிறந்து, அங்கேயே மணந்து, அங்கேயே மடிந்தன தலைமுறைகள். அவர்கள் பறித்த கொழுந்து உலகச் சந்தையில் பொன்னாக மாறியது.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. பெற்ற கையோடு அந்நாட்டு அரசு ஒரு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. நாட்டை வளப்படுத்தியவர்களையே நாடற்றவர்களாக்கியது அந்தச் சட்டம். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 மனிதர்கள் எண்ணிக் கூறுபோடப்பட்டனர்! 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்றனர். பத்தாண்டு கழித்து, 1974-இல், அவர்களையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டனர். களத்து மேட்டில் நெல்லை அளந்து பங்கிடும்போதுகூட, அறுத்தவனையும் அடித்தவனையும் அருகில் நிற்க வைப்பார்கள். இங்கே மனிதர்களைப் பங்கிட்டார்கள். அந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினர். சிலர் நீலகிரித் தேயிலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வாழ்வுக்கென்று 1968-இல் அரசு தொடங்கிய தோட்டத் திட்டமே பின்னர் டான்டீ என்ற கழகமாயிற்று. மற்றவர்கள் ஊர் ஊராய்ச் சிதறினர். அங்கே இருந்தவரை அவர்கள் 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி'. இங்கே வந்தபின் 'சிலோன்காரன்'. எந்த மண்ணிலும் தம் பெயரால் அழைக்கப்படாத மக்கள்!

இந்தக் காட்சி நம் இயக்கத்துக்குப் புதிதா? 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தை எண்ணிப் பாருங்கள். அதன் தொடக்கம் எது? இரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் போரின் வெப்பம் தாளாது தாயகம் திரும்புகிறது. திரும்பிய மண்ணில் அவர்களை வரவேற்றவை பசியும் பழிச்சொல்லும். அந்தக் கதையை நாடகமாய் எழுதியவர் பாவலர் பாலசுந்தரம். திரைக்கு உரையாடல் தீட்டியவர் கலைஞர். தாயகம் திரும்பிய தமிழனின் கண்ணீரைத் திரையில் ஏற்றி, நாட்டை அதிர வைத்த இயக்கம் நம்முடையது. பர்மாவிலிருந்து வந்த குணசேகரனுக்காகக் கைதட்டிய கைகள், இலங்கையிலிருந்து வந்த வள்ளியம்மாளுக்காகத் தட்டாமல் இருக்கலாமா?

அரக்கோணத்துப் பாட்டிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். தலையை உயர்த்தி மேற்கே பாருங்கள். விடை மலைமீது நிற்கிறது.

கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் கோழி கூவும் முன்பே சீப்புகளின் உறுமல் கேட்கிறது. தலையில் துண்டு கட்டி, தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு, இருக்கைக்கு மேல் இருக்கையாய் நெருக்கி அமர்ந்து, குமுளி வழியிலும் கம்பம் மெட்டு வழியிலும் போடிமெட்டு வழியிலும் நம் பெண்கள் மலையேறுகின்றனர். ஏலக்காய் பறிக்க, களையெடுக்க, தேயிலை கிள்ள. பொழுது சாய்ந்தபின் இறங்கி வந்து அடுப்பு மூட்டுகின்றனர். போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் நாள்தோறும் விலை கூறப்படுகிறது. அந்தக் காயைப் பறித்த விரலுக்கு யார் விலை கூறினர்? சின்னமனூருக்கு மேலே மேகமலையின் பசுமையைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அந்தப் பசுமையை நட்டவர் எவர் என்று கேட்பவர் எத்தனை பேர்?

இந்த மலைகளின் தோட்டங்களிலும் லயங்கள் உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் வேர் கொண்ட தோட்டத் தொழிலாளர். எல்லைக்கோடு 1956-இல் போடப்பட்டது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஆனால், கொழுந்து கிள்ளும் கை கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே கைதான்.

அந்தக் கை எழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2015 செப்டம்பரில் மூணாற்றின் பெண் தொழிலாளர் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரால் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனசு கேட்டனர். பெரிய தொழிற்சங்கத் தலைவர்களைத் தம் போராட்டத்துக்குள் விடவில்லை. ஏன்? தம் குரலைக் கேட்க மறந்த தலைவர்களுக்குத் தம் மேடையில் இடமில்லை என்றனர். போராடினர், பெற்றனர். தோழர்களே, இந்த நிகழ்ச்சியில் கேரளத்துக் கட்சிகளுக்கு மட்டுந்தான் பாடம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி நம் பள்ளத்தாக்கின் உயிர்நாடியைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே கடலில் வீழ்ந்த நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இந்த மண்ணின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கை நம் மக்கள் மறக்கவில்லை. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் உண்டு. அவர் பிறந்த சனவரி 15-இல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். நன்றி மறவாத மக்கள். வாழ்க அவர்தம் பண்பு!

ஆனால், அந்த அணைக்குச் சுண்ணாம்பு இடித்தவள் பெயர் என்ன? கல் சுமந்தவன் பெயர் என்ன? காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் நூற்றுக்கணக்கில் மடிந்து அந்த மலையிலேயே புதைந்தவர்களில் ஒருவருடைய பெயரையேனும் நம் பிள்ளைகளால் சொல்ல முடியுமா? காவலன் ஒன்று, காவலன் இரண்டு! பொறியாளரின் பெயர் கல்லில் நிற்கிறது. கல்லைச் சுமந்தவரின் பெயர் அவர் பேரனுக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில்தான், தோழர்களே, ஆபத்து நுழைகிறது. தன் பாட்டன் யார் என்று அறியாத பிள்ளையிடம், 'உன் பாட்டன் அரசன்' என்று ஒருவன் வந்து சொன்னால், பிள்ளை நம்பிவிடுகிறான். கையில் வாள் படம் போட்ட கொடியைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறான். அடுத்த தெருப் பிள்ளையைக் காட்டி, 'இவன் பாட்டன் உன் பாட்டனிடம் கைகட்டி நின்றவன்' என்று சொன்னால், பள்ளியில் பக்கத்து இருக்கையில் அமர்ந்த நண்பனையே பகைவனாகப் பார்க்கத் தொடங்குகிறான்.

ஆண்ட பரம்பரை என்று பாடும் தம்பிகளுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். பரம்பரை என்ற சொல்லை நம் வட்டாரத்து மக்கள்மீது முதலில் முத்திரையாகக் குத்தியவன் யார் தெரியுமா? வெள்ளைக்காரன்! ஆண்ட பரம்பரை என்றா குத்தினான்? குற்றப் பரம்பரை என்று குத்தினான். பிறந்த குழந்தையையும் பிறவிக் குற்றவாளி என்றது அவன் சட்டம். பெருவிரலை மையில் தோய்த்துப் பதியச் சொன்னது. இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதனை அழைத்தனர்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் மறுத்தனர். துப்பாக்கி வெடித்தது. 16 பேர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள்! கிரீடம் சூடிய கதைகள் ஆயிரம் இருக்கட்டும். அந்த ஒரு குவளைத் தண்ணீருக்கு அவை ஈடாகுமா? பிரமலைக் கள்ளர் வீட்டுத் தம்பி பெருமை கொள்ள வேண்டுமென்றால் மாயக்காளை எண்ணிப் பெருமை கொள்ளட்டும். ரேகை வைக்க மறுத்த உழவனை எண்ணி நெஞ்சு நிமிரட்டும். அப்படி நிமிர்ந்தவனுக்கு இன்னொன்றும் விளங்கும். பிறப்பைக் காட்டித் தன் பாட்டனைக் குற்றவாளி என்றது எவ்வளவு பெரிய கொடுமையோ, அதே பிறப்பைக் காட்டி இன்னொருவனைத் தாழ்ந்தவன் என்பதும் அவ்வளவு பெரிய கொடுமை! மாயக்காளின் பேரனும் வள்ளியம்மாளின் பேரனும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டால், ஒலிபெருக்கி ஊர்திக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேலையே இருக்காது.

நம் இயக்கத்தின் தொண்டு எங்கே நின்றிருக்கிறது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடுங்கள் என்று தீர்மானித்தது. பெரியார் தம் பெயரிலிருந்தே தொடங்கினார். இந்தியாவின் வடபுலத்திலிருந்து வருவோர் இன்றும் வியக்கின்றனர்: தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டால் சாதி தெரிவதில்லையே என்று! அரும்பெரும் வெற்றி அது. ஆனால், வால் போன இடம் வெற்றிடமாக நிற்கிறது. சாதி உன் அடையாளமன்று என்று சொன்னோம். சரி, வேறு எது என் அடையாளம் என்று பிள்ளை கேட்கிறான். தமிழன் என்கிறோம். அது பெரிய விடை; வானம் போல் பெரிய விடை. வீட்டுக்குள் விளக்கேற்ற அவனுக்கு ஒரு சிறிய விடையும் வேண்டும். நீ இன்னாரின் பேரன். உன் பாட்டி இன்ன தோட்டத்தில் உழைத்தாள். உன் பாட்டன் இன்ன போராட்டத்தில் நின்றான் என்ற விடை வேண்டும். அந்த விடையைத்தான் அறிவு தம் வீட்டிலிருந்து எடுத்து நாட்டின் முன் வைத்திருக்கிறார். 1929 தொடங்கிவைத்த பணியின் மறுபாதி அது.

மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். 'ராப் என்பது மேல்நாட்டுக் கூச்சல்; அது நம் கலையா?' என்கின்றனர்.

அந்தக் கலை எங்கே பிறந்தது? 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்சு பகுதியில், கறுப்பின ஏழை மக்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடமொன்றில் நடந்த விருந்தோடு அதன் வரலாறு தொடங்குகிறது. சமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இசைத்தட்டைச் சுழற்றினார். கூல் ஹெர்க் என்பது அவர் பெயர். அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தம் கதையைத் தாமே சொல்லக் கண்டுபிடித்த கருவி அது. கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரன் அதனை எடுத்துக்கொண்டதில் என்ன வியப்பு? அரியணைகளுக்கிடையே திருமண உறவு உண்டு. தோட்டங்களுக்கிடையே உறவு கூடாதா?

மேலும், எதிரெதிரே நின்று அடுக்கடுக்காய்ச் சொல் தொடுக்கும் கலை நமக்குப் புதிதன்று. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய இலாவணி பாடிய நாடு இது. இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டே, இறந்தவரின் வரலாறு முழுவதையும் இட்டுக்கட்டிச் சொல்லிவிடும் ஒப்பாரிக்காரி எழுத்தறியாதவள். ஆனால் அவளே அந்த ஊரின் வரலாற்று ஆசிரியை. 'சாமி' என்று குழந்தையைக் கொஞ்சும் நம் பாட்டிமார்களின் சொல்லன்றோ 'எஞ்சாமி' என்று உலகைச் சுற்றி வந்தது! மேல்நாட்டு மெட்டு என்று சொல்லப்படும் அந்தப் பாட்டுக்குள் நம் வீட்டு முற்றம் இருக்கிறது.

பாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை மற்றவர்க்கு நாம் சொல்லலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு மேடையேறினால் கூட்டம் கலையாது. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழர் நடுவே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர் அவர். நம் கட்சியல்ல; ஆயினும் நம் மண்ணின் பாவலர். அவருடைய குழுவில் பாடித் திரிந்த தம்பிதான் பின்னாளில் இளையராசாவாக நாடறிந்தார். கட்சி மேடை பாட்டுக்காரனை வளர்த்தது. பாட்டுக்காரன் மக்களின் வாயைத் திறந்துவிட்டான். அந்த மேடைகளில் இன்று என்ன ஒலிக்கிறது? தலைவர் வருமுன் கூட்டத்தைப் பிடித்து வைக்கத் திரைப்பாட்டு. சில ஊர்களில், வாக்குக்கு அஞ்சி, அந்த ஊரின் பெரும்பான்மைச் சாதியைப் புகழும் பாட்டு! கறுப்பும் சிவப்பும் கலந்த கொடியின் கீழே நின்று குலப்பெருமைப் பாட்டை ஒலிக்க விடுவதைப் பெரியார் கண்டிருந்தால் கைத்தடியை ஓங்கியிருப்பாரா, மாட்டாரா?

'அறிவு நம்மையும் கேள்வி கேட்பார், அவரைக் கொண்டாடலாமா?' என்பது இன்னொரு தயக்கம். கேட்கட்டுமே! கேள்விக்கு அஞ்சும் கட்சி கேள்வியால் வளர்ந்த கட்சியாக இருக்க முடியாது. அவருடைய ஒவ்வொரு வரிக்கும் நாம் தலையாட்ட வேண்டுமென்பதில்லை. ஆளும் இடத்தில் இருப்போரைப் பார்த்து, 'என் பாட்டிக்கு என்ன செய்தாய்?' என்று பேரன் கேட்டால், கேட்டவன் மீது சினங்கொள்வது அறிவுடைமை ஆகாது. விடையைத் தேடிக்கொண்டு போவதே கடமை.

பெயர் மறையும் நோய் பாட்டியோடு நின்றுவிடவில்லை என்பதையும் மறவாதீர்கள். 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழ், அறிவு எழுதிய பாட்டைப் போற்றி அட்டைப்படம் வெளியிட்டது. அட்டையில் அறிவு இல்லை! பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார். பலரும் குரல் கொடுத்தனர். பிறகே அவர் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. உலகெங்கும் பாட்டு ஒலித்த பின்பும், பேரனுக்கே பெயருக்காகக் குரலெழுப்ப வேண்டியிருந்தது என்றால், பாட்டே இல்லாத வள்ளியம்மாள்களின் நிலை என்ன?

இலங்கை மலையகத்தில், அந்தப் பாட்டு வெளிவந்த அதே 2021 மார்ச்சில்தான், தோட்டத் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய் கூலி என்று அரசாணை வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. பாட்டு கூலியை உயர்த்தவில்லை; போராட்டம் உயர்த்தியது. ஆகவே, பாட்டைக் கேட்டுக் கண் கலங்கி, கைபேசியை அணைத்துவிட்டு உறங்கச் செல்வதற்கு இக்கட்டுரை எழுதப்படவில்லை. செய்ய வேண்டியவை மூன்று கூறுவேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளைக் கழகமும் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். ஊரில் உள்ள முதியோரிடம், சிறப்பாக மூதாட்டியரிடம், இளைஞர்கள் சென்று அமரட்டும். அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்தில், எந்த வயலில், எந்த ஆலையில் உழைத்தார், எந்த ஆண்டு எந்தப் போராட்டத்தில் நின்றார் என்று எழுதட்டும். தெருவுக்குத் தெரு, சாதி பாராமல் எழுதட்டும். ஊர்ப் படிப்பகத்தில் அந்த ஏடு இருக்கட்டும். குறிப்பேட்டின் விலை ஐம்பது ரூபாய். ஒரு பாட்டி மறைந்தபின் அவளோடு மறையும் வரலாற்றை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

இரண்டாவது, கழக மேடையில் குலப்பெருமைப் பாட்டு ஒலிக்கக் கூடாது. எந்தக் குலமாயினும் சரி. எவ்வளவு வாக்கு இருந்தாலும் சரி. அந்த நேரத்தை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பறையடிக்கும் பிள்ளைக்கும் கும்மி கொட்டும் பெண்ணுக்கும் சொல்லிசை பாடும் கல்லூரி மாணவனுக்கும் கொடுங்கள். தன் பாட்டியின் கதையைப் பாடட்டும்.

மூன்றாவது, விடியற்காலைச் சீப்பில் ஏறும் பெண்களிடம் செல்லுங்கள். வாக்குக் கேட்க அன்று, கேட்டறிய. பாதுகாப்பான ஊர்தி உண்டா, உரிய கூலி உண்டா, எல்லைக்கு அப்பால் வேலை செய்யும் நாளில் விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் எவர் என்று கேளுங்கள். கேட்டதை மாவட்ட ஆட்சியரிடமும் நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொண்டு செல்லுங்கள். விடை வரும்வரை வாயிலில் நில்லுங்கள்.

வரும் சனவரி 15-இல் லோயர் கேம்பில் பென்னிகுயிக்கின் சிலைக்கு மாலை சூட்டச் செல்லும் தோழர்கள், இன்னொரு மாலையும் எடுத்துச் செல்லட்டும். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களின் நினைவாக மலையைப் பார்த்து அதனை வைக்கட்டும். ஏப்ரல் 3-இல் மாயக்காளின் பெயரை எல்லாத் தெருக்களிலும் சொல்லட்டும்.

ஆள வந்தவர்களின் பட்டியல் பாடநூலில் இருக்கிறது. அதனை எவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். நம்மை ஆளாக்கியவர்களின் பட்டியலை நாம்தாம் எழுத வேண்டும். அரக்கோணத்துப் பேரன் ஒருவர் முதல் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார்.

இரண்டாவது பெயர், தோழர்களே, உங்கள் வீட்டில் இருக்கிறது. எழுதுங்கள்!